அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், வீட்டுல ஐஸ் தண்ணி மெஷின்: எவ்வளவு நேரம் போடலாம், ராத்திரி போட்டுத் தூங்கலாமா?

கும்பகோணம் செந்தில்:
வணக்கம். அம்மாவுக்கு வலது முட்டி மாத்துற ஆபரேஷன் முடிஞ்சு நேத்துதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். வயசு 66, சுகர் ரொம்ப வருஷமா இருக்கு. டிஸ்சார்ஜ் சீட்டுல மாத்திரை எல்லாம் வெவரமா எழுதியிருக்காங்க, ஆனா ஐஸ் பத்தி "கோல்ட் தெரபி" அப்படின்னு ஒரே வரிதான். சரின்னு சர்ஜிக்கல் கடையில ஒரு மெஷின் வாடகைக்கு எடுத்தாச்சு. சின்ன கூலர் டப்பா, உள்ள ஐஸும் தண்ணியும் போட்டு மோட்டாரை ஆன் பண்ணா ஹோஸ் வழியா சில்லுன்னு தண்ணி முட்டியச் சுத்தி கட்டின பேடுக்குள்ள போய்ட்டு திரும்ப டப்பாவுக்கே வருது. கூட புக் எதுவும் தரல. கொண்டு வந்து வெச்ச பையன் "24 மணி நேரமும் போட்டே வைக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டான். போட்டா வலி நல்லா கொறையுதுன்னு அம்மா கழட்டவே விடமாட்டேங்கறாங்க. இந்தப் பக்கம் பெரியம்மா, ஆபரேஷன் பண்ண ஒடம்புக்கு குளிர்ச்சியே ஆகாது, ஜன்னி கண்டுரும்னு ஒரே சத்தம். ராத்திரி போட்டே தூங்க விடலாமா, எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா எடுக்கணும், சுகர் இருக்கறவங்களுக்கு இது சரிதானா? இதப் பாத்தவங்க யாராச்சும் சொல்லுங்க, இன்னைக்கு ராத்திரிக்கு முன்னாடி தெரிஞ்சா நல்லது.

வார்டு அக்கா:
தம்பி, மொதல்ல ராத்திரிக்கு பதில் சொல்லிடறேன். வேண்டாம். தூங்கும்போது கழட்டி வெச்சிடுங்க. மத்தது அப்புறம் பேசலாம்.

ஆர்த்தோ வார்டுல ரொம்ப காலம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவ நான். சாதா ஐஸ் பையை முட்டி மேல வெச்சா அரை மணி முக்கா மணியில அதுவே உருகிப் போயிடும், நீங்க மறந்தாலும் அது நின்னுடும். இந்த மெஷின் அப்படி இல்ல. ஐஸ் போட்டுக்கிட்டே இருக்கற வரைக்கும் அதே சில்லு, மணிக்கணக்கா, தோல் மேல ஒரே எடத்துல நிக்கும். தானா நிக்காத ஒண்ணை நிறுத்தறதுக்கு வீட்டுல ஒரு ஆள் முழிச்சிருக்கணும். தூங்கினா அந்த ஆள் இல்ல.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். எல்லாரும் "ரொம்ப சில்லுன்னு இருந்தா அவங்களே சொல்லிடுவாங்க"ன்னு நெனைக்கறாங்க. ஆபரேஷன் ஆன கால் சொல்லாது தம்பி. முதுகுல ஊசி போட்டு மரக்க வெச்சிருப்பாங்க, அது போக தொடைப் பக்கம் நரம்புக்கு தனியா ஒரு ஊசி, நெர்வ் பிளாக்குன்னு சொல்வாங்க, அதோட வேலை சில பேருக்கு ஒரு நாளுக்கு மேலயும் இருக்கும். அது விட்ட பிறகும் வலி மாத்திரை மயக்கத்துல பாதி உணர்ச்சி தெரியாது. அதுக்கும் மேல, முட்டி முன்னாடி நேரா கீறினா தோலுக்குப் போற சின்ன நரம்பு ஒண்ணு அந்தக் கோட்டுல மாட்டிக்கும், அதனால தையலுக்கு வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அளவு மதமதன்னு மரத்தே கெடக்கும், மாசக்கணக்கா இருக்கும், சில பேருக்கு போகவே போகாது. இது ஆபரேஷன்ல நடந்த தப்பு இல்ல, ரொம்ப சகஜம். ஆனா நீங்க பேடு கட்டறது சரியா அந்த எடத்து மேல. அங்க தோல் வெந்தாலும் தெரியாது, உறைஞ்சாலும் தெரியாது. உங்கம்மாவுக்கு சுகரும் இருக்கு. அதனால அவங்க "நல்லா இருக்கு"ன்னு சொல்றதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, கழட்டிக் கண்ணால பாருங்க.

கபடி மணி:
அக்கா சொல்றதுக்கு மரியாதை உண்டு, ஆனா எனக்கு ஏசிஎல், அதான் முட்டிக்குள்ள இருக்கற தசைநார், அதுக்கு ஆபரேஷன் பண்ணப்போ இதே மாதிரி மெஷினை மொத வாரம் ராத்திரி பகல்னு போட்டேன், எதுவும் ஆகல, வீக்கம் சீக்கிரம் வத்துச்சு. கம்பெனி புக்லயே தொடர்ந்து ஓட்டற மோடு போட்டிருந்துச்சு. வலியில தூக்கம் வராம கெடக்கறதை விட அது மேல் இல்லையா? அம்மா வயசானவங்க, வலி தாங்க மாட்டாங்க, பாவம்.

பிசியோ கார்த்தி (கோவை):
மணி, உங்க வயசுக்கு ரத்த ஓட்டம் நல்லா இருந்திருக்கும், டிரெஸ்ஸிங்கும் க்ரேப் பேண்டேஜும் தடிமனா சுத்தியிருந்தா பேடோட சில்லு தோலுக்கு பாதிதான் போயிருக்கும், மெஷினும் டிகிரி செட் பண்றதா இருந்திருக்கலாம். இதெல்லாம் சேந்து உங்களைக் காப்பாத்திருக்கு. 66 வயசு சுகர் பேஷண்டுக்கு அதே கணக்கு ஓடாது.

டெம்ப்ரேச்சர் பத்தி கொஞ்சம் சொல்றேன், வீட்டுல பாத்துக்கறவங்களுக்கு இது தெரிஞ்சா மிச்சமெல்லாம் தானா புரியும். வலி மரக்கறதுக்கு தோல் 10லேர்ந்து 15 டிகிரிக்குள்ள வந்தாலே போதும். டப்பாவுல ஐஸும் தண்ணியும் கலந்து இருக்கற வரைக்கும் அந்தத் தண்ணி சைபர் டிகிரிக்குப் பக்கத்துலதான் நிக்கும், ஹோஸ்ல வரும்போது கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். அதாவது தேவைக்கு மேலயே சில்லு கையில இருக்கு. தோல் உறைஞ்சாதான் ஆபத்துன்னும் இல்ல, உறையற அளவுக்குப் போகாமலே ரொம்ப நேரம் குளிர்லயும் ஈரத்துலயும் கெடந்தா சின்ன ரத்தக் குழாய் எல்லாம் சுருங்கி தசையும் நரம்பும் கெட்டுப் போகும். ஐஸ்கட்டி நேரா தொடலையே, தண்ணிதானேன்னு அசால்ட்டா இருக்கக் கூடாதுன்றது இதனாலதான்.

நான் பொதுவா சொல்றது 15லேர்ந்து 20 நிமிஷம் போடுங்க, கழட்டுங்க, பாருங்க, அடுத்த தடவைக்கு முன்னாடி குறைஞ்சது ஒரு மணி நேரமாவது கேப், முடிஞ்சா ரெண்டு மணி நேரம். தோல் தொட்டா பழையபடி வெதுவெதுன்னு ஆகியிருக்கணும். உங்க சர்ஜன் வேற கணக்கு சொன்னா அதுதான் கணக்கு, ஏன்னா எந்த பிளாக் போட்டாங்க, எப்படி கட்டு கட்டினாங்கன்னு அவருக்குத்தான் தெரியும். அந்த ஒத்த வரியோட விடாதீங்க செந்தில், போன் பண்ணி எத்தனை நிமிஷம், ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு கேட்டு எழுதி வாங்குங்க, அது உங்க உரிமை.

ராத்திரி வலிக்கு: படுக்கறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு போட்டு கழட்டிட்டு, எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை நேரம் தப்பாம கொடுங்க. நடு ராத்திரி வலியில முழிச்சாங்கன்னா நீங்களும் எழுந்து உக்காந்து 20 நிமிஷம் போட்டு எடுக்கலாம், தப்பே இல்ல. உக்காந்துக்கிட்டே தூங்கிடுவோம்னு பயமா இருந்தா போன்ல அலாரம் வைங்க.

கும்பகோணம் செந்தில்:
ரொம்ப நன்றி அக்கா, கார்த்தி. மெஷினை கழட்டியாச்சு. அம்மாதான் கோவமா இருக்காங்க. ஒரு சந்தேகம், கழட்டிப் பாக்கும்போது என்ன பாக்கணும்? சிவந்திருக்கான்னா? அம்மா நல்ல கருப்பு, செவப்பெல்லாம் சட்டுன்னு தெரியாது.

வார்டு அக்கா:
நல்ல கேள்வி தம்பி. நெறைய பேப்பர்ல "தோல் வெளுத்துப் போச்சா, நீலமாச்சா"ன்னு எழுதியிருப்பாங்க, அது வெள்ளைத் தோலை நெனச்சு எழுதினது. நம்ம நிறத்துல சாம்பல் பூத்த மாதிரி, இல்லன்னா மெழுகு தடவின மாதிரி ஒரு மினுமினுப்பு வரும், அதைத்தான் தேடணும். அந்தக் காலை மட்டும் பாக்காதீங்க, பக்கத்துல நல்ல காலை வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க, வெளிச்சத்துல. திட்டுத்திட்டா நிறம் மாறியிருக்கா, தொட்டா கட்டியா வெறைச்சு இருக்கா, கொப்புளம் சின்னதா எங்கயாச்சும் இருக்கான்னு. கால் பெருவிரல் நகத்தை அமுக்கி விடுங்க, ரெண்டு மூணு செகண்டுல நிறம் திரும்ப வரணும், நல்ல கால்லயும் அதே மாதிரி பாத்து ஒத்துப் போகுதான்னு பாருங்க. எரியுது, ஊசி குத்தற மாதிரி இருக்கு, முன்னை விட வலி கூடுதுன்னு சொன்னா அந்த நேரமே நிறுத்துங்க, இன்னும் கொஞ்ச நேரம் தாங்கிக்கோன்னு சொல்லாதீங்க. முட்டிக்குப் பின்னாடியும் பாருங்க, பேடு மடிஞ்சு அங்கதான் இறுகும், அங்க யாரும் பாக்கறதே இல்ல.

டிரெஸ்ஸிங் நனைஞ்சிருக்கான்னும் ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பாருங்க. நனைஞ்ச டிரெஸ்ஸிங்கோட விட்டா தையல்ல இன்ஃபெக்‌ஷன் வந்துரும், ஆஸ்பத்திரிக்கு சொல்லி மாத்திக்கணும்.

லதா சேலம்:
இதைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. எங்க மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் ஆனப்போ பாத்துக்கிட்டது நான்தான். அடியில மெல்லிசா காட்டன் துணி சுத்தி அது மேலதான் பேடு கட்டச் சொன்னாங்க, அப்படித்தான் செஞ்சோம். எங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம், பேடு வேர்த்து வேர்த்து அந்தத் துணி கொஞ்ச நேரத்துலயே சொதசொதன்னு ஆயிடும், நனைஞ்ச துணி சில்லை தடுக்காது, இன்னும் நல்லா உள்ள கடத்தும். பக்கத்துத் தெருவுல ஒருத்தங்களுக்கு இதே மாதிரி ஈரத் துணியோட ஒரு சாயங்காலம் முழுக்க கெடந்து முட்டி ஓரத்துல பெரிய கொப்புளம் வந்து, அது ஆறவே ரொம்ப நாள் ஆகி, பிசியோ எல்லாம் தள்ளிப் போச்சு. அதனால நாங்க பழைய வேட்டியைக் கிழிச்சு நெறைய துண்டு வெச்சுக்கிட்டோம், ஒவ்வொரு தடவையும் காஞ்ச துண்டுதான். ஒரே சுத்து மெல்லிசா, சுருக்கமில்லாம.

அப்புறம் ஒரு கேள்வி வரும் பாருங்க, பெரியவங்க வந்தா "கொஞ்சம் தைலம் தேச்சு விடட்டுமா"ன்னு. கூடவே கூடாதுங்க. தைலம், பாம் எல்லாத்துலயும் எரிச்சல் குடுக்கற பொருள் இருக்கு, அதைத் தடவி மேல பேடைக் கட்டினா எது மருந்து எரிச்சல் எது ஐஸ் எரிச்சல்னே தெரியாமப் போகும், தோலும் புண்ணாகும். தையல் பக்கத்துல மஞ்சள் பத்தும் வேண்டாம்.

கும்பகோணம் செந்தில்:
லதா அக்கா, பெரியம்மா கையில தைலம் ரெடியாத்தான் இருக்கு, நல்ல வேளை சொன்னீங்க. குளிர்ச்சி ஆகாதுன்னு அவங்க சொல்றதுக்கு என்ன பதில் சொல்றது? சண்டை போட மனசு இல்ல, அம்மாவை அவங்கதான் பகல்ல பாத்துக்கறாங்க.

வார்டு அக்கா:
சண்டை வேண்டாம். ஜன்னி வராது, முட்டியில மட்டும் கொஞ்ச நேரம் போடறதால ஒடம்பு சூடு எறங்காது, சளியும் பிடிக்காது, அதை அவங்ககிட்ட மரியாதையா சொல்லுங்க. அம்மாவுக்கு நடுக்கம் எடுத்தா ஒரு போர்வை போத்தி விடுங்க, ஃபேனை கொறைங்க. ஆனா பெரியம்மா பயத்துல ஒரு நியாயம் இருக்கு, சில பேருக்கு நெஜமாவே குளிர்ச்சி ஆகாது. சில்லுன்னு தண்ணி பட்டா தடிப்பு தடிப்பா வர்றவங்க, குளிர்ல விரல் வெளுத்து நீலமாகற ரேனாட்ஸ் இருக்கறவங்க, கால் ரத்தக் குழாய் அடைப்பு இருக்கறவங்க, பீடி சிகரெட்டால கை கால் ரத்தக் குழாய் அடைக்கற பர்ஜர்ஸ் நோய் வந்தவங்க, சிக்கிள் செல்னு சொல்ற பரம்பரை ரத்த நோய் இருக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் டாக்டர் வாயால சரின்னு கேக்காம ஒரு தடவை கூட போடக் கூடாது. சுகர்காரங்க அந்த வரிசையில இல்லைன்னு நெனைக்காதீங்க, கால்ல உணர்ச்சி எவ்வளவு இருக்குங்கறதைப் பொறுத்துதான். பெரியம்மாவையே கூப்பிட்டு தோலைப் பாக்கற வேலையக் கொடுங்க, அவங்க கண்ணு தப்பாது.

பிசியோ கார்த்தி (கோவை):
உணர்ச்சியை வீட்டுலயே ஓரளவு பாக்கலாம். ஒரு ஸ்பூனை ஃப்ரிட்ஜ் தண்ணியில போட்டு எடுங்க, இன்னொண்ணு சாதா ஸ்பூன். தண்ணியத் தொடச்சிட்டு, அம்மாவை கண்ணை மூடச் சொல்லி, பேடு படற எடத்துலயெல்லாம் மாத்தி மாத்தி வெச்சு சில்லுன்னு இருக்கா இல்லையான்னு கேளுங்க, டிரெஸ்ஸிங் மேல வேண்டாம், சுத்தி வெறும் தோல்ல. கிளினிக்ல நாங்க ரெண்டு டெஸ்ட் ட்யூப்ல சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் வெச்சு பண்றது இதேதான். சரியா சொல்லலன்னா அந்த எடத்துல மெஷின் போடறதை நிறுத்திட்டு சர்ஜன்கிட்ட சொல்லுங்க.

அப்புறம் முட்டிக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் கீழ, தொட்டா ஒரு எலும்பு முண்டு தெரியும். பாதத்தை மேல தூக்கற நரம்பு அதைச் சுத்தித்தான் போகுது, மேல சதையே இல்ல. அந்த எடத்துல ஸ்ட்ராப்பை இறுக்கிக் கட்டி ஐஸும் போட்டா நரம்பு அடி வாங்கும். பாதத்தை மூக்குப் பக்கமா தூக்கச் சொல்லிப் பாருங்க, தூக்க முடியல, பாதத்து மேல மரமரங்குதுன்னா ஸ்ட்ராப்பை அவுத்துட்டு உடனே போன் பண்ணுங்க, காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க. ஸ்ட்ராப் எவ்வளவு இறுக்கம்னா உங்க ரெண்டு விரல் உள்ள போகணும்.

படுக்கும்போது முட்டிக்கு அடியில தலகாணி வைக்காதீங்க, சுகமாத்தான் இருக்கும், ஆனா முட்டி மடங்கியே பழகி நேரா நீளாது. குதிகாலுக்கு அடியில வைங்க.

மணி கேட்டதுக்கும் சொல்லிடறேன். முட்டி மாத்தினவங்களுக்கு ஐஸ் எவ்வளவு உதவுதுன்னு காக்ரேன்னு மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து அலசற குழு 2012ல எல்லா ஆராய்ச்சியையும் சேத்துப் பாத்தாங்க, 2023ல திரும்பவும் பாத்தாங்க. வலி, ரத்தக் கசிவு, முட்டி மடங்கறது எல்லாத்துலயும் பலன் கொஞ்சம்தான், அந்த ஆதாரமும் ரொம்ப பலவீனமானதுன்னுதான் வந்துச்சு. நான் ஐஸுக்கு எதிரி இல்ல, என் பேஷண்ட்ஸ் எல்லாருக்கும் சொல்றேன், மொத வாரத்துல அது குடுக்கற ஆறுதல் பெருசு. ஆனா இவ்வளவு சின்ன பலனுக்காக ராத்திரி முழுக்க தோலைப் பணயம் வைக்கறதுல நியாயமே இல்ல. மெஷின் கெடைக்காதவங்களும் வருத்தப்பட வேண்டாம், ஐஸை நொறுக்கி ஜிப் கவர்ல போட்டு துண்டுல சுத்தி வெச்சாலும் வேலை நடக்கும்.

கபடி மணி:
சரி கார்த்தி, புரியுது. ராத்திரி போடுங்கன்னு இனி யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஸ்காபரோ ரஞ்சி:
நான் கனடாவில இருக்கிறன். இங்க கன பேருக்கு முழங்கால் ஒப்பரேசன் செய்து அண்டைக்கே இல்லாட்டி அடுத்த நாளே வீட்டுக்கு விட்டிடுவினம், அதால நெர்வ் பிளாக் விறைப்பு போகாமலேதான் வீட்டில ஐஸ் தொடங்குறது. அம்மாவுக்கு செய்தபோது நேர்ஸ் சொல்லித் தந்த ஒண்டு எனக்கு நல்லா உதவினது: ஒரு கொப்பியில போட்ட நேரம், கழட்டின நேரம், தோல் எப்பிடி இருந்தது எண்டு மூண்டு நிரல் போட்டு எழுதுறது. வீட்டில ஆள் மாறி மாறிப் பாக்கேக்க "நீங்கள் கழட்டினீங்களா, நான் கழட்டினனா" எண்ட குழப்பமே வராது. செந்தில் தம்பி, உங்கட பெரியம்மா பகல் நீங்கள் இரவு எண்டால் இது கட்டாயம் வேணும்.

எலக்ட்ரீஷியன் பாண்டி:
கரண்ட் பக்கம் யாரும் பேசலையே, நான் சொல்றேன். இந்த மெஷின்ல நெறைய 12 வோல்ட் அடாப்டர்ல ஓடறதுதான், மோட்டார் பக்கம் ஷாக் அடிக்காது, ஆனா அடாப்டர் செவுத்துல 230 வோல்ட்ல சொருகியிருக்கு, அதைத் தரையில போடாதீங்க, கட்டில் மேல தொங்கற ஜங்ஷன் பாக்ஸ்லயும் சொருகாதீங்க. ஹோஸ் முழுக்க வேர்த்து சொட்டும், வயரை சாக்கெட்டுக்குக் கீழ கொஞ்சம் தொங்கல் விட்டு அப்புறம் மேல ஏத்துங்க, தண்ணி வழிஞ்சாலும் தொங்கல்ல சொட்டிடும், சாக்கெட்டுக்குள்ள போகாது. வீட்டுல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற சுவிட்ச், இருக்கான்னு பாருங்க, டெஸ்ட் பட்டனை அமுக்கினா ட்ரிப் ஆகணும். ஐஸ் மாத்தும்போது மொதல்ல பிளக்கைப் புடுங்கிட்டு அப்புறம் மூடியத் தெறங்க.

எனக்கு ஷாக்கை விட தரைதான் பயம். டைல்ஸ் மேல சொட்டற தண்ணி கண்ணுக்கே தெரியாது, அம்மா வாக்கரோட வந்து அதுல கால் வெச்சா புது முட்டி என்ன ஆகும். டப்பாவுக்கு அடியில தடியான துண்டு விரிங்க. பாத்ரூம் போகணும்னா ஹோஸோட எழுந்திருக்கவே விடாதீங்க, பேடு முழுசா கழட்டின பிறகுதான் கால் தரையில படணும்.

ஐஸுக்கு ட்ரேல உறைய வெச்சா பத்தாது. அரை லிட்டர் தண்ணி பாட்டிலை கழுத்துக்குக் கீழ வரைக்கும் ரொப்பி ஃப்ரீசர்ல வைங்க, முழுசா ரொப்பினா உறையும்போது விரிஞ்சு வெடிச்சிரும். ரெண்டு செட் வெச்சுக்கிட்டா ஒண்ணு மெஷின்ல, ஒண்ணு ஃப்ரீசர்ல. மார்க்கெட்ல மீனுக்குப் போடற பார் ஐஸ் வாங்கறதா இருந்தா அதை நேரா தொட்டியில போடாதீங்க, அழுக்கு பில்டர்ல போய் அடைக்கும். உருகாம இருக்கட்டும்னு உப்பு போடற பழக்கமும் வேண்டாம், உப்பு போட்டா தண்ணி சைபருக்குக் கீழ போகும், அது தோலுக்கு நேரா ஆபத்து. பேடை தட்டையா விரிச்சு வெச்சு மோட்டாரைப் போட்டு தண்ணி ரொம்பின பிறகு கால்ல சுத்துங்க, சுத்திட்டு ஆன் பண்ணா மடிப்புல தண்ணி ஓடாது, ஒரு பக்கம் சில்லு ஒரு பக்கம் வெதுவெதுன்னு இருக்கும்.

கும்பகோணம் செந்தில்:
எல்லாருக்கும் நன்றி. ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி டூட்டி டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், 20 நிமிஷம், ஒரு நாளைக்கு நாலு தடவை, ராத்திரி வேண்டாம்னு தெளிவா சொன்னார். ஸ்பூன் வெச்சுப் பாத்தோம், அக்கா சொன்ன மாதிரியே தையலுக்கு வெளிப்பக்கம் ஒரு எடத்துல அம்மாவுக்கு சில்லு சுத்தமா தெரியல. அதையும் சொன்னதுக்கு, அந்தப் பக்கம் துணியை ரெண்டு மடிப்பா வெச்சு, பத்து நிமிஷத்துல ஒரு தடவை தூக்கிப் பாக்கச் சொன்னார். நோட்டு போட்டாச்சு, பெரியம்மாதான் எழுதறாங்க. ஒரே ஒரு கேள்வி மிச்சம், கெண்டைக்கால் கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கு, அங்கயும் பேடை எறக்கி வைக்கலாமா?

வார்டு அக்கா:
தம்பி, அங்க ஐஸ் வைக்காதீங்க. கெண்டைக்கால் வீக்கத்தை ஐஸ் போட்டு அமுக்கக் கூடாது, ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கான்னு மொதல்ல பாக்கணும், முட்டி மாத்தினவங்களுக்கு அது வரும். இப்பவே திரும்ப போன் பண்ணுங்க. இன்ச் டேப்ல ரெண்டு கெண்டைக்காலையும் ஒரே எடத்துல அளந்து வித்தியாசத்தைச் சொல்லுங்க, அமுக்கினா வலிக்குதா, சூடா இருக்கான்னும் சொல்லுங்க. தேச்சு விடாதீங்க, பெரியம்மாகிட்டயும் சொல்லிடுங்க. மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா போனெல்லாம் வேண்டாம், நேரா 108.

கும்பகோணம் செந்தில்:
அளந்தேன் அக்கா, ஒரு அங்குலத்துக்கு மேல வித்தியாசம் இருக்கு. டாக்டர் இன்னைக்கே ஸ்கேன் எடுத்துடலாம், கூட்டிட்டு வாங்கன்னுட்டார். கெளம்பறோம்.

கும்பகோணம் செந்தில்:
ரத்த ஓட்டம் பாக்கற டாப்ளர் ஸ்கேன் எடுத்தாச்சு, அடைப்பு இல்ல, ஆபரேஷன் வீக்கம்தான் கீழ எறங்கியிருக்குன்னாங்க. ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை நிறுத்தாம போடணும், மணிக்கு ஒருக்கா பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டணும்னு சொல்லி அனுப்பினாங்க. அம்மா இப்ப நல்லா தூங்கறாங்க, மெஷின் கழட்டித்தான் இருக்கு.

எலக்ட்ரீஷியன் பாண்டி:
சந்தோஷம் தம்பி. மெஷின் சும்மா இருக்கற நேரம் தொட்டியில தண்ணி விட்டு வைக்காதீங்க, தெனமும் ராத்திரி கொட்டிட்டு மூடியத் தெறந்து காய விடுங்க, இல்லன்னா பாசி பிடிச்சு நாத்தம் வரும். திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணியை ஹோஸ்ல ஓட விட்டு, அப்புறம் நல்ல தண்ணி ஓட விட்டு, பேடைத் தொங்க விட்டு காய வெச்சிருங்க. போர் தண்ணி ஊத்தாதீங்க, உப்பு படிஞ்சு மோட்டார் மக்கர் பண்ணும், கேன் தண்ணி போதும்.